ஆறு வாரத்தில் அறிமுக நிரலாக்கம்: விரைவுப் பாடநெறியில் சேர எண்ணுவோருக்கு ஒரு வழிகாட்டி

வட அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தமது கோடை விடுமுறைக்குள், அதாவது யூன் தொடக்கம் ஓகஸ்ட் வரையான காலத்துக்குள், வழக்கமாக ஒரு தவணை முழுவதும் நீளும் பாடமொன்றை ஆறு அல்லது எட்டு வாரங்களில் நடத்தி முடிக்கும் முறையை நெடுங்காலமாக வைத்திருக்கின்றன. கணினிக்கான கட்டளைத் தொடர்களை, அதாவது நிரல்களை, எழுதக் கற்பிக்கும் அறிமுக நிரலாக்கம் அவ்வாறு நடத்தப்படும் பாடங்களுள் ஒன்று. அது இணையத்துக்கு வந்த பின்னர், கிழக்கிலங்கையின் கல்லடியிலோ கல்முனையிலோ திருக்கோவிலிலோ இருக்கும் ஒருவரும் வீட்டிலிருந்தபடியே அதில் சேரலாம் என்றாகிவிட்டது. சேர்வது இலகு. இரண்டாம் வாரத்தின் முடிவிலும் அதில் நிலைத்திருப்பதுதான் கடினம். இத்தகைய பாடநெறியொன்றை ஒருமுறை பாதியில் கைவிட்டு, மறுமுறை முடித்தவன் என்ற முறையில், ஒரு வரி நிரலும் எழுதியிராதவர்களுக்காக இதனை எழுதுகிறேன்.

முதலில் மணித்தியாலங்களை எண்ணுங்கள்

இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றலாகக் கொள்ளப்படுகிறது. விரிவுரை, வாசிப்பு, பயிற்சி, பரீட்சைக்கான ஆயத்தம் ஆகிய எல்லாம் அதற்குள் அடங்கும். மூன்று கிரெடிட் கொண்ட பாடமென்றால் மொத்தம் 150 மணித்தியாலங்கள். 15 வாரத் தவணையொன்றில் இது வாரத்துக்கு 10 மணித்தியாலமாகப் பரவிவிடும். அதே பாடத்தை எட்டு வாரத்தில் படித்தால் வாரத்துக்கு ஏறக்குறைய 19 மணித்தியாலமும், ஆறு வாரத்தில் படித்தால் 25 மணித்தியாலமும் வேண்டும். அமெரிக்கக் கணக்கு சற்றுக் குறைவாக வரும்; ஆயினும் ஆறு வாரப் பாடநெறியில் அதுவும் 20ஐக் கடந்தே நிற்கும்.

பாடம் அதே அளவுதான். நாட்கள் மட்டுமே சுருங்குகின்றன. ஆகவே ஆறு வாரப் பாடநெறியில் ஒரு நாளைத் தவறவிடுவது சாதாரணத் தவணையில் இரண்டரை நாட்களைத் தவறவிடுவதற்குச் சமமாகும். இனிவரும் ஆலோசனைகள் அனைத்தும் இந்தக் கணக்கிலிருந்து பிறந்தவையே.

எனவே சேர்வதற்கு முன், சுவரில் தொங்கும் நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பேராசிரியர் அட்டவணை போடும்போது ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம் இருப்பதையோ, உகந்தை வழியாகக் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்லும் காலம் அது என்பதையோ, சிறுபோக அறுவடைக்கு வயலில் ஆள் தேவைப்படும் என்பதையோ அறிந்திருக்கமாட்டார். இவற்றை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, விடவும் முடியாது. ஆனால் வரமுடியாத நாட்களை முன்கூட்டியே வட்டமிட்டு, அவற்றுக்கு முந்திய மூன்று நாட்களில் அந்த வேலையை எங்கே நுழைப்பது என்று தீர்மானித்து வையுங்கள். வட்டமிட்ட நாட்கள் ஆறு வாரத்துக்குள் ஐந்தைக் கடந்தால், அந்தப் பாடநெறி உங்களுக்கு இந்த ஆண்டுக்குரியதன்று.

பாடசாலை மாணவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வடக்கு நாடுகளின் கோடை என்பது பெரும்பாலும் நமது பாடசாலைகளின் இரண்டாம் தவணைக் காலமாகும். ஓகஸ்ட் விடுமுறை மட்டுமே அதனோடு பொருந்தும். முஸ்லிம் பாடசாலைகளின் விடுமுறைகளோ நோன்பு மாதத்தையொட்டி வேறாக அமைகின்றன. ஆதலால் இன்னும் பாடசாலையில் இருப்பவர்கள் கட்டாய அட்டவணையுள்ள கோடைகாலப் பாடநெறியைத் தவிர்த்து, தம் வசதிப்படி படிக்கக்கூடிய ஒன்றை எடுத்து, விடுமுறைக்குள் தாமே விரைவுபடுத்திப் படிப்பது நல்லது. விரைவுப் பாடநெறி மிகவும் பொருந்துவது, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்கும் பின்னர் பல்கலைக்கழக அனுமதிக்கும் காத்திருப்பவர்களுக்கும், வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ உள்ள பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு தவணை விடுமுறையில் வீட்டிலிருப்பவர்களுக்கும் ஆகும். முழுநேர வேலையிலிருப்பவர் வாரத்துக்கு 25 மணித்தியாலம் ஒதுக்குவது, என் அனுபவத்தில், முதல் வாரத்தில் மட்டுமே நடக்கும்.

பாடநெறியைத் தெரிவுசெய்தல்

மூன்று வகைகள் உண்டு. கட்டணம் செலுத்தி, பல்கலைக்கழகத்தின் கிரெடிட்டைப் பெறும் கோடைகாலப் பாடநெறி முதலாவது. குறித்த திகதியில் தொடங்கிக் குறித்த திகதிகளில் ஒப்படைகளைக் கேட்கும், ஆனால் கிரெடிட் தராத பாடநெறி இரண்டாவது. எப்போதும் திறந்திருக்கும், நம் வேகத்தில் படிக்கக்கூடிய பாடநெறி மூன்றாவது.

புதியவருக்கு மூன்றாவது வகையையே நான் பரிந்துரைப்பேன். கிரெடிட் தரும் பாடநெறியின் கட்டணம் டொலரில் அறவிடப்படும். அதிலிருந்து விலகிப் பணத்தை மீளப்பெறுவதற்கான காலம், பாடநெறி குறுகியதாக இருப்பதால், சில நாட்களிலேயே முடிந்துவிடும். உங்களுக்குப் பாடம் ஒத்துவரவில்லை என்று நீங்கள் உணர்வதற்குள் அந்த நாள் கடந்திருக்கும். அந்தக் கிரெடிட்டை நீங்கள் சேரப்போகும் பல்கலைக்கழகம் ஏற்குமா என்பதையும் எழுத்துமூலம் கேட்டறியாமல் பணம் கட்டக்கூடாது.

இலவசமாகக் கிடைப்பவற்றுள் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் சீஎஸ்50 (CS50) வரிசையிலுள்ள, பைதன் என்னும் கணினி மொழிக்கான அறிமுகப் பாடநெறி குறிப்பிடத்தக்கது. டேவிட் மேலன் நடத்தும் அது பத்து வாரப் பகுதிகளாக அமைந்திருக்கிறது. மாறிகளும் (பெறுமானங்களை வைத்திருக்கும் பெயர்கள்) செயற்கூறுகளும் (ஒரு வேலையைச் செய்யும், பெயரிட்ட நிரற்பகுதிகள்) முதற்பகுதியில் வருகின்றன, தரவையும் அதற்குரிய செயல்களையும் ஒன்றாகக் கட்டும் பொருள்நோக்கு நிரலாக்கம் இறுதிப் பகுதிகளுள் ஒன்றில் வருகிறது. விரிவுரைகளையும் பயிற்சிகளையும் பணமின்றியே பெறலாம். அந்தப் பத்துப் பகுதிகளையும் ஆறு வாரத்தில் முடிக்கத் திட்டமிட்டால், முதல் மூன்று பகுதிகளுக்கு மூன்று வாரத்தையும் முழுமையாகக் கொடுத்துவிட்டு, பின்னையவற்றை வேகமாகப் படிப்பது என் முறை. தலைகீழாகச் செய்பவர்களே அதிகம். முதற்பகுதிகள் இலகுவாகத் தோன்றுவதால் அவற்றை இரண்டு நாட்களில் ஓட்டிவிட்டுப் பின்னர் அகப்பட்டுக்கொள்கிறார்கள். நம் நாட்டிலேயே, மொரட்டுவைப் பல்கலைக்கழகம் தனது திறந்த கற்றல் தளத்தில் தொடக்கநிலைப் பைதன் பாடநெறியை இலவசமாக வழங்குகிறது. ஆங்கில விரிவுரையின் வேகத்துக்கு அஞ்சுபவர்கள் அதிலிருந்து தொடங்கலாம்.

எந்தக் கணினி மொழி என்ற விவாதத்தில் நேரத்தைச் செலவிட வேண்டாம். கீடோ வான் ரொசம் 1991இல் வெளியிட்ட பைதன் மொழியே இன்று பெரும்பாலான அறிமுகப் பாடநெறிகளில் கற்பிக்கப்படுகிறது. நமது உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடத்திலும் அதுவே இருக்கிறது. பழைய காணொளிகளைப் பார்க்கும்போது மட்டும் ஓர் எச்சரிக்கை: விடையைத் திரையில் காட்டும் பிரிண்ட் என்ற கட்டளைக்குப் பின் அடைப்புக்குறி இல்லாமல் எழுதப்பட்டிருந்தால், அது 2020இன் தொடக்கத்தோடு ஆதரவு நிறுத்தப்பட்ட இரண்டாம் பதிப்பு. அந்தக் காணொளியை மூடிவிடுங்கள்.

கணினி, மின்சாரம், இணையம்

அறிமுக நிரலாக்கத்துக்கு விலையுயர்ந்த மடிகணினி தேவையில்லை. பழைய கணினியாக இருந்தாலும், எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் உருவான தொனி என்னும் இலவச மென்பொருள் அதில் இயங்கும். அதை நிறுவினால் பைதனும் உடன்வந்துவிடுகிறது. நிரல் ஒவ்வோர் அடியாக ஓடும்போது மாறிகளின் பெறுமானம் எப்படி மாறுகிறது என்பதையும் அது காட்டுகிறது. கணினியே இல்லாதவர்கள் அன்ட்ரொயிட் கைபேசியில் பைட்ரொயிட் என்னும் செயலியை வைத்துத் தொடங்கலாம். ஆனால் சிறு திரையில் இருபது வரிக்கு மேற்பட்ட நிரலை எழுதுவது கண்ணுக்கும் பொறுமைக்கும் சோதனையாகும். இரண்டாம் வாரத்துக்குள் யாரிடமாவது ஒரு கணினியைக் கேட்டு வாங்குவதே வழி. நாளொன்றுக்கு நான்கு மணித்தியாலம் வேண்டும் என்பதால், பெரியம்மா வீட்டிலுள்ள கணினியை நம்பியிருப்பவர்கள் அந்த நேரத்தையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

சில பாடநெறிகள் நிரலை உங்கள் கணினியில் எழுதவிடாமல், இணைய உலாவிக்குள் திறக்கும் தமது தளத்திலேயே எழுதச் சொல்லும். சீஎஸ்50உம் அத்தகையதே. மட்டக்களப்பு நகரில் இது பிரச்சினையாவதில்லை. படுவான்கரையின் உட்கிராமங்களிலும், பொத்துவிலுக்கு அப்பாலும், சமிக்ஞை ஒரு கோடாகக் குறையும் இடங்களில், எழுதிய வரி திரையில் தோன்றவே காத்திருக்க நேரும். அவ்வாறான இடத்திலிருப்பவர்கள் நிரலைத் தொனியில் எழுதி, ஓடவிட்டு, திருத்தி, இணையம் கிடைக்கும்போது தளத்தில் ஒட்டிச் சமர்ப்பிக்கலாம். நிரல் என்பது வெறும் எழுத்துக் கோப்பு. சில கிலோபைட்டுக்கு மேல் போகாது.

காணொளிகளே டேட்டாவைத் தின்பவை. 480 தரத்தில் ஒரு மணித்தியாலக் காணொளிக்கு ஏறக்குறைய அரை ஜிபி செலவாகும். அதைவிடக் கூடிய தரத்தில் அது பல மடங்காகும். நிரலாக்க விரிவுரைக்கு 480 போதும், ஏனெனில் திரையிலுள்ள எழுத்துகளை விரிவுரைக் குறிப்புகளிலும் வாசித்துக்கொள்ளலாம். உங்கள் பொதியில் நள்ளிரவுக்குப் பின் தனியாக இரவு டேட்டா தரப்படுமானால், வாரத்துக்குரிய காணொளிகளை ஓரிரவில் இறக்கிவைத்து, பகலில் இணையமின்றிப் பாருங்கள். விரிவுரையின் எழுத்து வடிவம் கிடைக்குமானால் அதையும் இறக்குங்கள். சந்தேகம் வந்தபோது காணொளியைத் திரும்ப ஓடவிடுவதைக் காட்டிலும் எழுத்தில் தேடுவது விரைவானது.

2022இன் நீண்ட மின்வெட்டுகளை அனுபவித்த நமக்கு மின்சாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பராமரிப்பு வேலைக்காக முழுநாளும் மின் தடைப்படும் ஞாயிற்றுக்கிழமைகள் இப்போதும் வரத்தான் செய்கின்றன, ஒப்படையின் கடைசி நாளும் பெரும்பாலும் ஞாயிறாகவே இருக்கும். ரவுட்டருக்கு மட்டும் மின் வழங்கும் சிறிய மின்கலப் பெட்டி கிடைக்கிறது. அதுவும் இல்லையேல் கைபேசியின் இணைப்பைக் கணினியோடு பகிர்ந்து சமர்ப்பிக்கும் முறையை முன்னதாக ஒருமுறை செய்து பழகுங்கள். யூலை, ஓகஸ்ட் மாதங்களில் கச்சான் காற்று வீசும் பிற்பகல்களில் பழைய மடிகணினிகள் சூடேறித் தாமாகவே நின்றுவிடுவதுண்டு. காலை ஐந்து மணி தொடக்கம் ஒன்பது மணிவரை என்று படிப்பு நேரத்தை வைத்தால் கணினிக்கும் நல்லது, உங்கள் தலைக்கும் நல்லது. பரீட்சை முடிந்து மார்கழி மழைக்குள் படிக்கத் தொடங்குபவர்கள், வெள்ளம் வந்தால் இணைப்பு பல நாட்களுக்கு அறுபடலாம் என்று கருதி, எல்லாவற்றையும் முன்னதாக இறக்கி வைத்திருப்பது அவசியம்.

தொடங்குவதற்கு முந்திய வாரம்

பாடநெறியின் முதல் நாளில் மென்பொருளை நிறுவத் தொடங்குபவர் இரண்டு நாட்களை இழக்கிறார். மேலே சொன்ன கணக்கில் அது ஐந்து நாட்கள். ஆகவே முந்திய வாரத்திலேயே தொனியை நிறுவி, உங்கள் பெயரைத் திரையில் காட்டும் ஒற்றை வரி நிரலை ஓடவிட்டுப் பாருங்கள். பாடநெறிக்கென ஒரு கோப்புறையை உருவாக்கி, அதற்குள் வாரத்துக்கொன்றாகக் கோப்புறைகளை வையுங்கள். விசைப்பலகையில் அடைப்புக்குறிகள், மேற்கோட்குறிகள், முக்காற்புள்ளி, கீழ்க்கோடு ஆகியவை எங்கே இருக்கின்றன என்று பழகுங்கள். நிரலெழுதுவதில் எழுத்துகளைவிட இவையே கையைத் தடுக்கும். பாடத்திட்டத்தை முழுதாக வாசித்து, ஒப்படைகளின் திகதிகளை இலங்கை நேரத்துக்கு மாற்றி எழுதுங்கள்.

நேர மாற்றத்தில் நானே ஏமாந்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு நேரடி உதவி வகுப்பு என்று அறிவித்திருந்தார்கள். செவ்வாய் இரவு வெகுநேரம் விழித்திருந்தும் யாரும் வரவில்லை. கோடையில் அமெரிக்கக் கிழக்குக் கரையின் நேரம் நம்முடையதைவிட ஒன்பதரை மணித்தியாலம் பின்தங்கியிருப்பதால், அந்த வகுப்பு நமக்குப் புதன்கிழமை அதிகாலை 3:30க்கு நடந்தது. அதேபோல் அங்கே ஞாயிறு இரவு 11:59 என்றால் இங்கே திங்கள் காலை 9:29. இது நமக்குச் சலுகை. அவுஸ்திரேலியாவின் சிட்னியில் நடத்தப்படும் பாடநெறியானால் கதை மாறும்: யூலையில் அங்கே இரவு 11:59 ஆகும்போது இங்கே மாலை 7:29தான் ஆகிறது. சர்வதேச நியம நேரம் (UTC) என்று குறித்திருந்தால் ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டுங்கள்.

முதல் பத்து நாட்கள்

பாடநெறி வெல்வதும் தோற்பதும் இங்கேதான். விரிவுரையைப் பார்த்தால் எல்லாம் விளங்கியது போலவே இருக்கும். வெற்றுத் திரையின் முன் அமர்ந்தால் முதற்சொல் வராது. தேங்காய் துருவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குத் துருவ வராததைப் போன்றது அது. ஆகவே ஒரு மணித்தியாலம் காணொளி பார்த்தால் இரண்டு மணித்தியாலம் விசைப்பலகையில் கை இருக்க வேண்டும் என்று வரையறுத்துக்கொள்ளுங்கள். விரிவுரையாளர் எழுதும் ஒவ்வொரு நிரலையும் நகலெடுத்து ஒட்டாமல் நீங்களே தட்டச்சிட்டு, ஓடவிட்டு, பின்னர் ஒரு சொல்லை மாற்றினால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே ஊகித்து, மாற்றிப் பாருங்கள். ஊகம் பிழைக்கும் இடமே நீங்கள் கற்கும் இடம்.

புதியவர்கள் விழும் குழிகள் ஏறக்குறைய எல்லோருக்கும் பொதுவானவை; சிலவற்றைச் சொல்லிவைக்கிறேன். தயிர் விற்கும் ஒருவருக்காக, காலையில் எத்தனை சட்டி, மாலையில் எத்தனை சட்டி என்று கேட்டுக் கூட்டிச் சொல்லும் நிரலை எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காலைக்கு 12 என்றும் மாலைக்கு 8 என்றும் கொடுத்தால் விடை 128 என்று வரும். கணினி பைத்தியமாகிவிடவில்லை. இன்புட் என்ற கட்டளை எதை வாங்கினாலும் அதை எழுத்துச் சரமாகவே தருகிறது. இரண்டு சரங்களுக்கிடையில் கூட்டற்குறி வந்தால் அவற்றை அடுத்தடுத்து ஒட்டுகிறது. வாங்கியதை இன்ட் என்ற கட்டளையால் முழுவெண்ணாக மாற்றினால் 20 வரும். இந்த ஒன்றை முதல் நாளிலேயே விளங்கிக்கொள்பவர் பின்வரும் பிழைகளிற் பலவற்றைத் தவிர்த்துக்கொள்கிறார்.

நிபந்தனைகளின் ஒழுங்கு அடுத்தது. உயர்தரப் பெறுபேற்றில் 75க்கு ஏ, 65க்கு பீ, 55க்கு சீ, 35க்கு எஸ் என்பது நமக்குத் தெரியும். அதை நிரலாக எழுதும்போது, புள்ளி 35 அல்லது அதற்கு மேலா என்று முதலில் கேட்டுவிட்டால், 90 எடுத்தவருக்கும் எஸ் கிடைத்துவிடும். முதல் நிபந்தனை உண்மையானவுடன் கணினி மற்றவற்றைப் பார்ப்பதில்லை. மேலிருந்து கீழாகக் கேட்க வேண்டும். இங்கே பிழைச்செய்தி எதுவும் வராது என்பதைக் கவனியுங்கள். நிரல் ஓடுகிறது, விடை மட்டும் பிழை. இத்தகைய பிழைகளைக் கண்டுபிடிக்க, விடை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த நான்கைந்து உதாரணங்களை, குறிப்பாக 74, 75 போன்ற எல்லையிலுள்ள எண்களை, கொடுத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

மீள்செயலில், அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்விக்கும் பகுதியில், ரேஞ்ச் என்ற கட்டளைக்கு 1, 7 என்று கொடுத்தால் அது ஆறோடு நின்றுவிடும், மேலெல்லை சேர்க்கப்படுவதில்லை. ஒரு வாரத்தின் தயிர் விற்பனையைக் கூட்டும் நிரலில் ஏழாம் நாளின் விற்பனை காணாமற்போய்விடும். பட்டியல்களின் எண்ணிக்கையோ பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது. இரண்டும் சேர்ந்து முதல் வாரத்தில் தலையைச் சுற்றவைக்கும். தாளில் ஓர் அட்டவணை வரைந்து, ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு மாறியின் பெறுமானம் என்ன என்று பேனாவால் எழுதிப் பாருங்கள். இது மெதுவானதாகத் தோன்றினும், விளங்காத நிரலை முப்பது முறை ஓடவிடுவதைக் காட்டிலும் விரைவானது. முடிவின்றிச் சுற்றும் நிரலை நிறுத்துவதற்கு, கன்ட்ரோல் விசையோடு சீ எழுத்தை அழுத்த வேண்டும்.

செயற்கூறுகளில், விடையைத் திரையில் காட்டுவதும் விடையைத் திருப்பிக் கொடுப்பதும் வேறுவேறு என்பதே பலருக்கு ஒரு வாரம் ஓடியும் பிடிபடாத விடயம். கடைக்குப் போன தம்பி வாசலில் நின்று "சீனி வாங்கினேன்" என்று கத்துவது பிரிண்ட். சீனியைக் கையில் கொண்டுவந்து தருவது ரிட்டர்ன். முன்னையதை வைத்துத் தேநீர் போட முடியாது. உங்கள் நிரல் எதிர்பாராமல், எதுவுமில்லை என்று பொருள்படும் நன் (None) என்ற சொல்லைக் காட்டினால், ஏதோ ஒரு செயற்கூறு கத்திவிட்டு வெறுங்கையோடு வந்திருக்கிறது என்று கொள்ளுங்கள்.

பிழைச்செய்திகளைக் கண்டு அஞ்ச வேண்டாம். பைதன் காட்டும் நீண்ட செய்தியை அடியிலிருந்து மேலாக வாசியுங்கள்: கடைசி வரியில் பிழையின் வகை இருக்கும், அதற்குச் சற்று மேலே அது எந்த வரியில் நேர்ந்தது என்று இருக்கும். சில வேளைகளில் உண்மையான பிழை அதற்கு முந்திய வரியில் மூடப்படாத அடைப்புக்குறியாக இருக்கும்.

ஆங்கிலமும் தமிழும்

விரிவுரைகள் ஆங்கிலத்தில் இருப்பது பலரைத் தயங்கவைக்கிறது. நிரலாக்கத்துக்குத் தேவையான ஆங்கிலம் சிறியது. நூறு சொற்களுக்குள் பெரும்பகுதி அடங்கிவிடும். காணொளியின் வேகத்தை முக்காலாகக் குறைத்து, ஆங்கில வசனவரிகளை இயக்கிப் பாருங்கள். புதிய சொல் வந்ததும் கொப்பியொன்றில் அதை எழுதி, மாறி, தெரிவு, மீள்செயல், பட்டியல் என உயர்தரப் பாடநூலில் உள்ள தமிழ்ச் சொல்லைப் பக்கத்தில் எழுதி, அதற்குக் கீழே நீங்களே எழுதிய இரண்டு வரி நிரலை வையுங்கள். தமிழில் சிந்தித்து, வழிமுறையைத் தமிழிலேயே படிப்படியாக எழுதிவிட்டு, பின்னர் அதை நிரலாக்குவதில் எந்தக் குறைவும் இல்லை. நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

பைதனின் மூன்றாம் பதிப்பு மாறிகளின் பெயரைத் தமிழில் வைக்கவும் அனுமதிக்கிறது. சமர்ப்பிக்கும் ஒப்படையில் அப்படிச் செய்யாதீர்கள், திருத்துபவர் வாசிக்கமாட்டார். வீட்டில் பழகும்போது செய்து பார்க்கலாம். தமிழரான நமக்கென்றே ஒரு வேடிக்கையும் அதில் இருக்கிறது. மட்டக்களப்பு என்ற சொல்லின் நீளத்தைப் பைதனிடம் கேட்டால் 12 என்று சொல்லும்; நாம் எண்ணினால் எட்டு எழுத்துதான். அம்பாறைக்கு ஏழு என்கிறது, நமக்கு நான்கு. புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும், கணினிகள் எழுத்துகளைக் குறிக்கப் பயன்படுத்தும் நியமமான யுனிகோட் தனித்தனிக் குறிகளாக வைத்திருப்பதே காரணம். நாம் எண்ணுவது போல எண்ணும் நிரலொன்றை எழுதுவது மூன்றாம் வாரத்துக்கு மிக நல்ல பயிற்சி. எந்த வெளிநாட்டுப் பாடநெறியும் அதைத் தராது, எந்தத் தளத்திலும் அதன் விடையைத் தேடிப் பார்த்து எழுதிவிடும் ஆசையும் வராது.

அகப்பட்டுக்கொண்டால்

சாதாரணத் தவணையில் ஒரு கணக்கோடு மூன்று நாள் மல்லுக்கட்டலாம். விரைவுப் பாடநெறியில் அதற்கு இடமில்லை. நாற்பது நிமிடம் தனியாக முயலுங்கள்; பின்னர் எழுந்து முகம் கழுவிவிட்டு வந்து, நிரலை வரிவரியாக யாருக்காவது வாய்விட்டு விளக்குங்கள். கேட்பவர் நிரலாக்கம் அறிந்தவராக இருக்கத் தேவையில்லை. தங்கச்சி சலித்துக்கொண்டு கேட்டாலும் போதும், பாதிப் பிழைகள் விளக்கும்போதே பிடிபடும். அதற்கும் தீராவிடின் கேளுங்கள். கேட்கும்போது என்ன செய்ய முயன்றீர்கள், என்ன வரும் என எதிர்பார்த்தீர்கள், உண்மையில் என்ன வந்தது ஆகிய மூன்றையும் எழுதி, பிழைச்செய்தியை முழுமையாக இணையுங்கள். "வேலை செய்யுதில்ல" என்று மட்டும் எழுதினால் யாராலும் உதவ முடியாது.

ஊரிலேயே சேர்ந்து படிக்க இரண்டு மூன்று பேர் கிடைத்தால் ஒரு வட்ஸ்அப் குழு அமையுங்கள். ஆனால் அதில் நிரலைச் செய்தியாக ஒட்டாதீர்கள். நட்சத்திரக் குறியைத் தடித்த எழுத்துக்கான அடையாளமாக அது எடுத்துக்கொள்வதால் பெருக்கற்குறிகள் சில வேளைகளில் கண்ணுக்கு மறைந்துவிடக்கூடும். கோப்பாகவே அனுப்புங்கள். சேர்ந்து பேசுவது நல்லது, சேர்ந்து எழுதுவது ஆபத்து. சமர்ப்பிக்கப்படும் நிரல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. மாறியின் பெயரை மட்டும் மாற்றினால் அவை ஏமாறுவதில்லை.

செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களைப் பற்றி ஒவ்வொரு பாடநெறிக்கும் ஒவ்வொரு விதி உண்டு. முதல் நாளிலேயே அதை வாசியுங்கள். சீஎஸ்50 தன் சொந்த உதவியாளரைப் பயன்படுத்த விடுகிறது, சட்ஜிபிடி போன்ற வெளியார் கருவிகள் விடையெழுதித் தருவதை ஏற்பதில்லை. விதி இல்லாத இடத்திலும் என் அறிவுரை ஒன்றே: விளக்கம் கேளுங்கள், நிரல் கேட்காதீர்கள். முதல் நான்கு வாரத்தில் அது எழுதித்தந்ததைச் சமர்ப்பித்தவர் ஐந்தாம் வாரத்தில் தன் பெயரிலுள்ள நிரலையே வாசிக்கத் தெரியாமல் நிற்பார். விரைவுப் பாடநெறியில் திரும்பிப்போய்ப் படிக்க நாட்களும் இருக்காது.

பின்தங்கினால்

எப்படியும் ஒருமுறை பின்தங்குவீர்கள். காய்ச்சல் வரும், கலியாண வீடு வரும். அப்போது தவறவிட்டதை முழுதாக முடித்துவிட்டே அடுத்ததைத் தொடுவேன் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள்; அந்தப் பிடிவாதத்தால்தான் என் முதல் முயற்சி மூன்றாம் வாரத்தில் முடிந்தது. நடப்பு வாரத்தின் பாடத்தோடு சேர்ந்துகொண்டு, தவறவிட்ட ஒப்படைகளுள் அதிக புள்ளியுள்ள ஒன்றை மட்டும் செய்து, மீதியை விட்டுவிடுங்கள். நீங்கள் தவறவிட்டது செயற்கூறுகளைப் பற்றிய பகுதியானால் மட்டும் இது பொருந்தாது. அதை விட்டால் அதற்குப் பின்வரும் எதுவும் விளங்காது என்பதால், ஓர் இரவைக் கொடுத்தாவது அதைப் படித்துவிடுங்கள். விரிவுரையாளருக்கு எழுதுவதானால், காலம் கடப்பதற்கு முன், காரணத்தை இரண்டு வரியில் சொல்லி, எத்தனை நாள் வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள்.

இறுதி வாரத்தில் பெரும்பாலான பாடநெறிகள் சொந்தச் செயற்றிட்டமொன்றைக் கேட்கும். பெரிதாக எதையும் தொடங்காதீர்கள். வயலில் வேலைசெய்தவர்களின் நாட்கூலிக் கணக்கு, வாசிகசாலையில் இரவல் கொடுத்த நூல்களின் பட்டியல், மேலே சொன்ன தமிழ் எழுத்தெண்ணி போன்ற, நூறு வரிக்குள் அடங்கும் ஒன்றை எடுத்து, நான்காம் வாரத்திலேயே அதன் முதல் வடிவத்தை ஓடவைத்துவிடுங்கள். எஞ்சிய நாட்களில் அதை மெருகேற்றலாம். சமர்ப்பித்த பின், உங்கள் எல்லாக் கோப்புகளையும் திருத்துநரின் குறிப்புகளையும் கணினியிலும் ஒரு பென்டிரைவிலும் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பாடநெறி முடிந்து சிறிது காலத்தில் பல தளங்கள் மாணவர்களுக்கான அனுமதியை மூடிவிடும், சான்றிதழைத் தரவிறக்கும் இணைப்பும் அதற்குள்ளேயே இருக்கக்கூடும்.